செல்டனாமுக்கு வருகிற மாப்ளேக்கு

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் கிடைத்தது. மகளின் பிரசவத்துக்காக மார்ச்சில் நீங்கள் ரெண்டு பேரும் பர்மிங்ஹாம் வருகிறீர்கள் என்பது பெரிய சந்தோஷம். அதே மூச்சில் செல்டனாம் குதிரை ரேஸுக்குக் கூட்டிப் போவாயா, எந்தக் குதிரை ஜெயிக்கும் என்று நல்ல டிப் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய் பார், நீ மாறவே இல்லை. கூட்டிப் போகிறேன். டிப் மட்டும் கேட்காதே, இங்கே அது யாரிடமும் இல்லை, இருப்பதாகச் சொல்கிறவனிடம் சுத்தமாக இல்லை.

கிண்டியில் நாம் பார்த்தது வேறு ஆட்டம். அங்கே கேட் திறந்தால் ஒன்றரை ரெண்டு நிமிடத்தில் கதை முடிந்துவிடும். இங்கே குளிர்காலம் முழுக்க நடப்பது தாண்டும் பந்தயம். ஏறக்குறைய ரெண்டு மைலில் ஆரம்பிக்கும், செல்டனாம் கோல்டு கப் மூன்றேகால் மைலையும் தாண்டி ஓடும், வழியில் 22 வேலி. தடுப்பில் ரெண்டு வகை உண்டு. ஹர்டில் சின்னது, குதிரை தட்டினால் அது வளைந்துகொடுக்கும். ஃபென்ஸ், அதாவது வேலி, நாலரை அடிக்குக் குறையாது, தட்டினால் குதிரைதான் வளைய வேண்டும். அப்புறம் மழை. தரை சேறாகிவிட்டால் போன மாதம் பறந்த குதிரை இந்த மாதம் காலை இழுத்துக்கொண்டு வரும், அதனால் விவரம் தெரிந்தவர்கள் குதிரையின் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் தரை எப்படி என்றுதான் கேட்பார்கள்.

2015 செல்டனாம் முதல் நாள் கதையைச் சொல்கிறேன், உனக்குப் புரிந்துவிடும். அயர்லாந்துப் பயிற்சியாளர் வில்லி மல்லின்ஸின் நாலு குதிரைகள், நாலிலும் ஜாக்கி ரூபி வால்ஷ், நாலும் ஃபேவரிட், அதாவது ஜெயிக்கும் என்று ரொம்பப் பேர் நம்பிய குதிரை. ஊரே நாலையும் ஒரே சீட்டில் கோத்துக் கட்டியிருந்தது, நாலும் ஜெயித்தால்தான் காசு. டூவான் ஜெயித்தது, உன் டி ஸோ ஜெயித்தது, ஃபாகீன் ஜெயித்தது. நாலாவது ஆனி பவர், பெண் குதிரை, கடைசி ஹர்டில் வரைக்கும் முன்னால் வந்து, கொஞ்சம் சீக்கிரமே எழும்பி, விழுந்தது. அந்த ஒரு தடுப்பில், பந்தயக் காசு வாங்கும் புக்கிகளுக்குச் சுமார் 5 கோடி பவுண்டு மிச்சமானதாக அன்றைக்குப் பேச்சு. ஜெயித்தது அதே மல்லின்ஸின் இன்னொரு குதிரை, அதுதான் கொடுமை.

நான் இங்கே கவனித்த ஒன்று, நீ வந்து பார்த்தால் ஒத்துக்கொள்வாய்: குதிரை விழுந்து காசு போனவன் தோற்றவன் மாதிரி நடந்துகொள்வதே இல்லை. ஏழாவதாக வந்த குதிரைக்குக் கட்டியவன் வாயை மூடிக்கொண்டு சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போவான். விழுந்த குதிரைக்குக் கட்டியவன் மட்டும் ‘என் கணக்கு சரி, வேலிதான் கெடுத்தது’ என்று பப்பில் நாலு பேரிடம் சொல்லி, அடுத்த பந்தயத்துக்கு ரெட்டிப்பாகக் கட்டுவான். தாண்டுவதும் பந்தயத்தில் ஒரு பாதிதானே, சரியாகத் தாண்டாத குதிரையைத் தேர்ந்தெடுத்தது எப்படிச் சரியான கணக்காகும்? ஆனால் இதையும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனி பவர் அடுத்த வருடமே சாம்பியன் ஹர்டில் என்ற செல்டனாமின் பெரிய பந்தயத்தை ஜெயித்தது. 2022-இல் கடைசி வேலியில் விழுந்த கலோபின் தே ஷாம், 2023, 2024 ரெண்டு வருடமும் கோல்டு கப்பை வாங்கியது. இந்தக் கதைகள்தான் அவனைப் பந்தயக் கடைக்கு மறுபடி கூட்டி வருகின்றன.

மற்ற குதிரைகள் விழுந்ததால் ஜெயித்தவன் பக்கமும் இதே கூத்துதான். 1967-இல் கிராண்ட் நேஷனல் என்ற பெரிய தாண்டும் பந்தயத்தில் 23-ஆவது வேலியில் குதிரைகளெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று மோதி நின்றுவிட, வெகு பின்னால் வந்த ஃபாய்னவான் இடைவெளி பார்த்துத் தாண்டிப் போய் 100/1-இல், அதாவது ஒரு பவுண்டு கட்டினால் 100 பவுண்டு லாபம் என்ற விலையில், ஜெயித்தது. 2025 சாம்பியன் ஹர்டிலில் கான்ஸ்டிடியூஷன் ஹில் விழுந்தது, ஸ்டேட் மேன் கடைசித் தடுப்பில் விழுந்தது, 25/1 கோல்டன் ஏஸ் கோப்பையோடு போனது. அதற்குக் கட்டியிருந்த எங்கள் தெரு ஐரிஷ் பெரியவரைக் கேட்டால், எல்லாம் தரையைப் பார்த்துப் போட்ட கணக்கு என்கிறார்!

எனக்குப் பிடிக்காத ஒன்றும் இருக்கிறது. விழுந்த குதிரை எழாவிட்டால் சுற்றிப் பச்சைத் திரை கட்டிவிடுவார்கள். ஆபத்தைக் குறைக்கத்தான் 2024 முதல் கிராண்ட் நேஷனலில் ஓடும் 40 குதிரைகளை 34 ஆக்கினார்கள். திரை எழும்பினால் எனக்கு அன்றைக்குப் பந்தயம் கட்டவே மனசு வராது. உனக்கும் வராது என்றுதான் நினைக்கிறேன்.

சரி, காசு விஷயம். 20/1 குதிரைக்கு ‘ஈச் வே’ என்று 10 பவுண்டு சொன்னால் 20 பவுண்டு வாங்கிக்கொள்வான், பாதி வின்னுக்கு, அதாவது முதலாவதாக வருவதற்கு, பாதி பிளேசுக்கு, அதாவது முதல் சில இடங்களுக்குள் வருவதற்கு. பிளேசுக்கு விலையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால், குதிரை மூன்றாவதாக வந்தாலும் 50 பவுண்டு கைக்கு வரும். நான் அப்படித்தான் கட்டுகிறேன், அதற்கு மேல் போவதில்லை. கிரெடிட் கார்டில் கட்ட முடியாது, 2020-இலேயே தடை போட்டுவிட்டார்கள், நல்ல காரியம். கையில் நோட்டு வைத்துக்கொள், அது தீர்ந்தால் வேடிக்கை பார்க்கலாம்.

ஸ்வெட்டர் போதாது, நல்ல கோட்டு, மழைக்குத் தாங்கும் ஷூ கொண்டு வா. கோல்டு கப் வெள்ளிக்கிழமை, அந்த நாள் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பிரசவத் தேதி என்றைக்கு என்று மகளிடம் கேட்டு உடனே எழுது. தங்கச்சியிடம் நீயே சொல்லிவிடு, நான் சொல்லமாட்டேன்.

அன்புடன்,
உன் மாப்ளே