ஜியானியும் கயல்விழியும்

அன்புள்ள செல்வராஜ்,

நலம், நலமறிய ஆவல். வாலிபால் அணியில் கயல்விழியை ஸ்மாஷ் அடிக்கும் இடத்திலிருந்து எடுத்து நடுத் தடுப்பில் நிறுத்திவிட்டார்கள் என்றும், அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள் என்றும் நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு இத்தாலிய வாலிபால் வீரர் ஆந்த்ரேயா ஜியானிதான் நினைவுக்கு வந்தார்.

1.96 மீட்டர் உயரமுள்ள அந்த மனிதர் நடுவில் நின்று தடுப்பார், அடுத்த தொடரில் ஓரத்திலிருந்து அடிப்பார், வேறு ஆளில்லை என்றால் பின்வரிசையில் குனிந்து சர்வீஸையும் எடுப்பார். இத்தாலிக்காக 474 ஆட்டங்கள், 1988 முதல் 2004 வரை ஐந்து ஒலிம்பிக் என்று அவர் நீடித்ததற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை இளையவர்கள் எளிதாக வெளியேற்றிவிட்டார்கள்.

அந்தக் குணம் வீட்டிலிருந்தே வந்ததோ என்றும் தோன்றுகிறது. அவருடைய தந்தை தாரியோ, 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் இத்தாலியின் எட்டுப் பேர் துடுப்புப் படகில் இருந்தவர். எல்லைக் கோட்டுக்கு முதுகைக் காட்டி அமர்ந்து, சுக்கான் பிடிப்பவரின் குரலுக்கு எட்டுத் துடுப்புகளும் ஒன்றாய் நீரில் இறங்க வேண்டிய அந்தப் படகில், ஒருவர் தன் இஷ்டத்துக்கு வேகம் கூட்டினால் மற்ற ஏழு பேரின் உழைப்பும் கெட்டுவிடும். நேப்பிள்ஸில் பிறந்து சபாவ்தியாவில் வளர்ந்த மகன் படகை விட்டுப் பந்தைப் பிடித்தார்.

ஹூலியோ வெலாஸ்கோவின் பயிற்சியில் 1990, 1994 ஆண்டுகளிலும், அவர் சென்ற பின் 1998-இலும் உலக சாம்பியன் பட்டம் கிடைத்தது. ஒலிம்பிக் தங்கம் மட்டும் கைகூடவில்லை. அட்லாண்டா இறுதியாட்டத்தில் நெதர்லாந்திடம் ஐந்தாவது செட்டை 17-15 என்று இழந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது. பிறகு சிட்னியில் வெண்கலம், ஏதென்ஸில் மீண்டும் வெள்ளி.

ஆட்டத்தை விட்டபின் பயிற்சியாளராகி, யாரும் பெரிதாக எண்ணாத ஸ்லோவேனியாவை 2015-இலும் ஜெர்மனியை 2017-இலும் ஐரோப்பிய இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் பிரான்சின் பயிற்சியாளர். காலிறுதியில் ஜெர்மனியிடம் இரண்டு செட் பின்தங்கி மீண்டவர்கள், அரையிறுதியில் சந்தித்தது இத்தாலியை. எதிர் பெஞ்சில் இருந்தவர், அந்த மூன்று உலக சாம்பியன் பட்டங்களையும் ஜியானியுடன் சேர்ந்து ஆடி வென்ற தெ ஜோர்ஜி! பிரான்ஸ் 3-0 என்று வென்றது. இறுதியில் போலந்தையும் அப்படியே வீழ்த்தியது. மறுநாள் இத்தாலிப் பெண்கள் அணிக்குத் தங்கம் வாங்கித் தந்தவர் அதே வெலாஸ்கோ என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை.

கயல்விழியிடம் இதையெல்லாம் சொல்; ஆனால் உபதேசமாகச் சொல்லாதே, அவளுக்குப் பிடிக்காது. இப்போதைக்குப் பந்தைப் பார்த்துத் துள்ளாமல், எதிரணியில் அடிப்பவருக்குப் பந்து தூக்கிக் கொடுக்கும் செட்டரின் தோளையும் மணிக்கட்டையும் கவனிக்கச் சொல். பொங்கலுக்கு வரும்போது நானே வலைக்கு அந்தப் பக்கம் நின்று பந்து தூக்கிக் கொடுக்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்