அத்தைக்கு, ஆந்த்ரேயாவுக்குப் போகாத கோடையைப் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

நேற்று உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவு நாள். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். கல்லின் மேல் உறைந்து கிடந்த பனியை உங்கள் மகன் கையுறையைக் கழற்றிவிட்டு வெறுங்கையால் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். அப்புறம் நான் மட்டும் மூலையில் இருக்கும் அந்த இன்னொரு கல்லுக்குப் போனேன். போரில் ரஷ்யாவிடம் போய்விட்ட கரேலியா மண்ணிலேயே விட்டுவிட்டு வந்த சொந்தங்களுக்காக வைத்த கல். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை நீங்கள் முதல் விளக்கு வைப்பது அங்கேதான், உங்கள் அப்பாயிக்கு. நேற்று அவருக்கும் ஒன்று வைத்தேன்.

இந்தக் கடிதத்தை முதலில் ஃபின்னிஷில்தான் எழுதிப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்கிற வரி வந்ததும் என் ஃபின்னிஷ் அலுவலகக் கடிதம் மாதிரி விறைத்துக்கொண்டது. கிழித்துப் போட்டுவிட்டுத் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லும் "அத்தை" தான். கல்யாணமான புதிதில் நான் அப்படிக் கூப்பிட்டபோது உங்கள் காதில் அது "ஐத்தி" என்று விழுந்தது. அம்மா என்று கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டு, உப்பு டப்பாவைக் கையில் வைத்தபடியே அப்படியே நின்றுவிட்டீர்கள். உண்மையான அர்த்தத்தை நான் சொல்ல இரண்டு வருடம் ஆனது. சொன்ன பிறகும் நீங்கள் ஐத்தி என்றுதான் எடுத்துக்கொண்டீர்கள்.

எல்லார் முன்னாலும் எழுதுகிறேன் என்பது நினைவிருக்கிறது. நம் வீட்டாரும் இதை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டுப் படிப்பார்கள். அதனால் சில பெயர்கள் வராது. சில பேச்சுகளும் வராது. உங்களுக்கு விளங்கும்.

2019 ஏப்ரல். கண் டாக்டரைப் பார்க்க ஹெல்சிங்கிக்கு வந்திருந்தீர்கள். ரயிலுக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகலாம் என்று நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். வாசல் மண்டபத்துக் கூரையில் அக்செலி காலன்-கல்லேலா 1928இல் வரைந்த ஃபின்னிஷ் காப்பியமான காலேவலாவின் காட்சிகள் இருக்கின்றன அல்லவா, அங்கேயே நான் கழுத்து வலிக்க நின்றுவிட்டேன். பாம்பு நிலத்தை உழுகிற இல்மரினென். அந்தப் பெரிய மீன். ஒவ்வொரு முறையும் அந்த மீனின் முதுகுக்கு அவர் எந்த நிறத்தை முதலில் பூசியிருப்பார் என்றே யோசிப்பேன். நீங்கள் என் முழங்கையைப் பிடித்து இழுத்தீர்கள். "அதை இன்னொரு நாள் பார். நான் ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டும்."

ஊர்க்காரர்கள் என்று நீங்கள் சொன்னது ஆந்த்ரேயா வலையை, கரேலியாவில் நீங்கள் பிறந்த ஆந்த்ரேயாவில் மண்ணுக்கடியில் கிடைத்த பழங்கால மீன்வலையை.

வலை என்கிறோமே தவிர, நாராக மிஞ்சியது கொஞ்சம்தான். வில்லோ மரப்பட்டையை உரித்து முறுக்கிய நார். அதோடு பைன் பட்டையில் வெட்டிய 18 மிதவைகள், அடியில் கட்டிய 31 கற்கள். கி.மு. 8300 வாக்கில் பின்னியது. பக்கத்திலிருந்த பலகையை நான் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "அப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது" என்றீர்கள்.

அதுவரை இருபது வருடத்தில் உங்கள் அப்பாவைப் பற்றி நீங்கள் பேசி நான் கேட்டது, 1944 ஜூனில் ஊரைவிட்டு வெளியேறியபோது மன்சிக்கி என்ற மாட்டை நடத்திக்கொண்டு வந்த கதை ஒன்றுதான். அன்று வேறு ஒரு அப்பாவைக் காட்டினீர்கள். 1913இல் ஆந்த்ரேயாவின் கோர்பிலஹ்தி கிராமத்தில் ஒரு விவசாயி புல்வெளியில் வாய்க்கால் வெட்டும்போது கற்களும் நாரும் மண்வெட்டியில் மாட்டியதையும், மறு வருடம் தொல்லியலாளர் சாகரி பால்சி வந்து முறையாகத் தோண்டியதையும், சிறுவர்கள் எல்லாம் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடிப்போய் வேலியில் தொங்கியதையும் சொன்னீர்கள். மாடு மேய்கிற இடத்தில் எப்படி வலை வந்தது என்று உங்கள் அப்பா கேட்டாராம். அந்தப் புல்வெளி ஒரு காலத்தில் தண்ணீருக்கு அடியில் இருந்தது, ஏதோ ஒரு படகு அங்கே கவிழ்ந்திருக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். அன்று இரவு அவருக்குத் தூக்கம் வரவில்லை. படகில் இருந்தவன் நீந்திக் கரையேறினானா என்று அவருடைய அம்மாவை எழுப்பி எழுப்பிக் கேட்டாராம்.

இதைச் சொல்லிக்கொண்டே கண்ணாடிப் பேழை மேல் மூன்று விரலை வைத்து வலைக்கண்ணை அளந்தீர்கள். "இது லஹ்னா மீனுக்குப் பின்னிய வலை. சின்ன மீன் போய்விடும், போகட்டும் என்று பின்னியிருக்கிறார்கள்." அப்புறம் கழுத்துத் துண்டின் ஓரத்தில் தொங்கிய கம்பளி இழைகள் இரண்டை எடுத்து, கீழே பார்க்காமலே ஒரு முடிச்சுப் போட்டீர்கள். கட்டைவிரல் உள்ளே போனது, சுண்டுவிரல் இழையை இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான். பீரக்கா என்கிற கரேலியப் பலகாரத்தின் ஓரத்தைக் கிள்ளிக் கிள்ளி மடிக்கிற அதே விரல்கள். நான் ஓவியர், கைகளைப் பார்த்துத்தான் முப்பது வருடமாகப் பிழைக்கிறேன். உங்கள் கையை அன்றுதான் பார்த்தேன்.

முடிச்சைப் பார்த்துக்கொண்டே கேட்டீர்கள்: "மென்னாங்கோ?"

போகலாமா. உங்கள் மொழியிலும் கேள்வி வாலில்தான் இருக்கிறது, உங்களுக்கு 'கோ', எங்களுக்கு 'ஆ'. எங்கே என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. தொண்ணூறுகளில் ஊர்க்காரர்கள் எல்லாம் பஸ் பிடித்துப் பிறந்த மண்ணைப் பார்த்துவிட்டு வந்தபோது நீங்கள் போகவில்லை. "அது இப்போது காமென்னோகோர்ஸ்க், எனக்கு அங்கே யாரையும் தெரியாது" என்று சொல்லிவிட்டீர்கள். 83 வயதில் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்டீர்கள். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். "அடுத்த வருடம் கண்டிப்பாகப் போகலாம், அத்தை."

அந்தக் கோடையில் எனக்கு சம்மல்லஹ்தென்மாகியில் வரைகிற வேலை இருந்தது. மூன்று வாரத்துக்கு இடம் எடுத்தாகிவிட்டது, உதவித்தொகையும் வந்துவிட்டது. உங்கள் முழங்கால், ரஷ்ய விசா, எத்தனை நாள் என்ற கணக்கு, எல்லாம் ஒரே நொடியில் மனதில் ஓடியது. இதெல்லாம் பொய்க் காரணங்கள் இல்லை. ஆனால் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை என்பதும் பொய் இல்லை.

சம்மல்லஹ்தென்மாகியில் என்ன செய்தேன் தெரியுமா? வெண்கலக் காலத்து ஆட்கள் இறந்தவர்கள் மேல் அடுக்கிய கருங்கல் குவியல்கள் முப்பதுக்கும் மேல் அங்கே இருக்கின்றன. 1999இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். அன்று அது கடலோரக் குன்று. நிலம் மெல்ல உயர உயரக் கடல் விலகிப் போய்விட்டது, இப்போது சுற்றிலும் காடு. கற்கள் மேல் சாம்பல் நிறப் பாசி. மூன்று வாரமும் அந்தப் பாசியின் சாம்பலைப் பிடிக்கவே முயன்றுகொண்டிருந்தேன். நீலம் கொஞ்சம் கலந்தால் கல் ஈரமாகிவிடும், காவி கலந்தால் துரு ஏறிவிடும். ஒரு மாலை சரியாக வந்தது. யாரென்றே தெரியாத ஒருவரின் சமாதிக்கு முன்னால் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதேன். அதே மாலையில் நீங்கள் வீட்டில் பாஸ்போர்ட் படிவத்தை எடுத்து வைத்திருந்தீர்கள் என்று பின்னால் தெரிந்தது. யார் சொன்னார்கள் என்று எழுதவில்லை.

2020இல் கொரோனா. அதில் என் தப்பு எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். ஏன் என்னிடம் கேட்டீர்கள்? உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள், கார் இருக்கிறது, அவர்கள் ஃபின்னிஷ் பேசிப் பிறந்தவர்கள். எழுபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு ஒரே ஒரு முறை, ஒரே ஒரு சொல், அதையும் காவிரிக்கரையிலிருந்து வந்த மருமகளிடம். இன்னொரு முறை கேட்டிருக்கலாமே. நீங்கள் இன்னொரு முறை கேட்கிற ஆள் இல்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறீர்களா? சரி, தெரியும். தெரிந்துதான் இருந்தது.

2021 கண்காட்சியைப் பற்றி இதுவரை நான் பேசியதில்லை. ஆந்த்ரேயா வலையைச் சுவர் அளவுக்கு வரைந்திருந்தேன். கண்ணுக்குக் கண் ஒரு நட்சத்திரம். அந்த எண்ணத்தைக் கொடுத்ததே நீங்கள்தானே, அத்தை. 2010இல் கோவைச் செம்மொழி மாநாட்டில் பேராசிரியர் அஸ்கோ பர்ப்போலாவுக்கு விருது கொடுத்த செய்தியைப் பத்திரிகையிலிருந்து கத்தரித்து, உறையில் போட்டு, தபாலில் அனுப்பினீர்கள். சிந்து முத்திரைகளின் மீன் குறியைத் திராவிடச் சொல்லான மீன் என்று அவர் படிக்கிறார், மீன் என்றால் நட்சத்திரமும்தான். ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தீர்கள்: "உண்மையா? வானத்திலும் மீனா?" என் ஊரைப் பற்றி இந்த நாட்டில் யாரும் என்னிடம் அவ்வளவு அழகாகக் கேட்டதில்லை. பதினொரு வருடம் அந்தக் கேள்வியை மனதில் வைத்திருந்து உங்கள் ஊர் வலையில் பதில் எழுதினேன். உங்களுக்குப் பிடிக்கும் என்று நம்பினேன்.

நீங்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றீர்கள். கூட்டம் சுற்றி நின்றது. "இது பசிக்கு இறக்கிய வலை" என்றீர்கள். "அந்த ஊரைப் பார்க்காமலே வரைந்திருக்கிறாள்."

அங்கே இன்னொருவரும் ஒன்று சொன்னார், எது யாருடைய பாரம்பரியம் என்று. அது இங்கே வேண்டாம். அது எனக்கு வலிக்கவும் இல்லை. உங்கள் இரண்டாவது வாக்கியம்தான் வலித்தது. ஊரைப் பார்க்காததற்கு நான்தான் காரணம் என்பதை இவ்வளவு பேர் நடுவில், ஒருவருக்கும் புரியாமல், எனக்கு மட்டும் புரிகிற மாதிரி சொன்னீர்கள். இரண்டு மாதம் உங்களுக்குப் போன் செய்யவில்லை. அதற்கு இப்போது மன்னிப்புக் கேட்கிறேன். அந்த வாக்கியத்துக்கு நீங்களும் என்னிடம் கேட்டிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய அன்று நீங்களே கூப்பிட்டீர்கள். "இனி யாரும் போக முடியாது" என்றீர்கள். உங்கள் குரலில் ஒரு நிம்மதி இருந்ததாக எனக்குப் பட்டது. உள்ளுக்குள் நீங்களும் போகப் பயந்தீர்கள், நான் தள்ளிப்போட்டது உங்களுக்கும் வசதியாகத்தான் இருந்தது என்று அந்தக் குரலை வைத்து எத்தனை ராத்திரி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன் தெரியுமா? அப்புறம் 2023 முடிவதற்குள் கிழக்கு எல்லையின் எல்லாச் சாவடிகளையும் மூடினார்கள். அந்தச் செய்தியின்போது நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். டிவியை அணைத்துவிட்டு, ஜன்னலோரச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்கள். தொட்டி நிரம்பித் தரையில் வழிகிற வரைக்கும் ஊற்றினீர்கள். நிம்மதியான ஆள் அப்படி ஊற்ற மாட்டார்.

இடம்பெயர்ந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருத்தி என்று உங்களைச் சொன்னால் உங்களுக்குப் பிடிக்காது. "நாலு லட்சம் பேருக்கு மன்சிக்கி இல்லை, எனக்குத்தான் இருந்தது" என்பீர்கள். அதனால் எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன். அந்த வலையையும் இப்போது போய்ப் பார்க்க முடியவில்லை, பழுதுபார்ப்புக்காக அருங்காட்சியகம் மூடியிருக்கிறது. உங்கள் ஊர் ஒரு பூட்டுக்கு அந்தப் பக்கம், ஊரின் வலை இன்னொரு பூட்டுக்கு அந்தப் பக்கம்.

கடைசியாக வலை ஊசி விஷயம். உங்கள் அப்பா ஜூனிப்பர் மரத்தில் செதுக்கி, மாட்டோடும் உங்களோடும் கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் நீங்கள் அதை என் கையில் வைத்தபோது அறையில் வேறு யாரும் இல்லை. அதுதான் இரண்டு வருடமாக வீட்டில் பேச்சு. அதைப் பற்றி யாரையும் குறை சொல்ல மாட்டேன். நீங்கள் கொடுத்தது எனக்குத்தான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. ஆனாலும் உங்கள் மகளிடம் கொடுத்துவிடுவது என்று நேற்று கல்லறையிலிருந்து வரும் வழியில் முடிவு செய்தேன். அவருடைய பேத்திக்கு இப்போது ஒன்பது வயதாகிறது. அந்த முடிச்சை அவளுக்குச் சொல்லித்தர எனக்குத் தெரியாது. உங்கள் மகளுக்குத் தெரியும், சின்ன வயதில் நீங்கள் சொல்லிக்கொடுத்திருக்கிறீர்கள்.

பென்சில் எழுத்துள்ள அந்தச் செய்தித் துணுக்கு என்னிடமே இருக்கும். நட்சத்திரப் படத்தையும் மாற்றப் போவதில்லை.

ஊசியில் நீங்கள் கடைசியாகச் சுற்றிய நூல் இன்னும் அப்படியே இருக்கிறது. பிரிக்காமல்தான் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். முனையிலிருந்து ஒரு முழம் மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள், அத்தை.

உங்கள்
மருமகள்