மின்கம்பியில் படம் அனுப்பும் மண்டபக் கமிட்டிகளுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இப்போதெல்லாம் கோயில் மண்டபங்களில் ஒன்றுக்கு மூன்று டிவி மாட்டுகிறார்கள். சன்னதியில் நடக்கும் அபிஷேகம் அன்னதானக் கூடத்தில் இருப்பவர்களுக்கும் தெரிய வேண்டும். நல்ல காரியம்தான். ஆனால் கேபிள் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டில் சொருகினால் மின்கம்பி வழியாகவே படம் போகும் என்கிற பெட்டிகளை வாங்கிவிட்டு, திருவிழா அன்றைக்கு என்னைக் கூப்பிடுகிறார்கள். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் வயர்மேன் வேலை பார்க்கிறவன் நான்.

எங்கள் பக்கத்து மண்டபம் ஒன்றில் வாசல், பெரிய கூடம், அன்னதானக் கூடம் என மூன்று டிவி. ஒவ்வொன்றாகப் போட்டால் படம் பளிச்சென்று வருகிறது. மூன்றையும் சேர்த்துப் போட்டால் மூன்றிலும் கட்டம் கட்டமாக உடைகிறது. விற்ற கடைக்காரரோ, "இது 200 மெகாபிட் வேகப் பெட்டி. 1000 என்று போட்டதை வாங்குங்கள்" என்கிறார். பணம் கோயில் பணம், அவருக்கென்ன!

கோளாறு அந்த எண்ணில் இல்லை. மின்கம்பியில் படம் அனுப்பும் இந்த ஹோம்பிளக் ஏவி (HomePlug AV) வகைப் பெட்டிகள் ஏறக்குறைய 2 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளை ஆயிரத்துக்கும் மேற்பட்ட மெல்லிய தடங்களாகப் பிரித்துக்கொள்கின்றன. தடம் நன்றாக இருந்தால் அதில் ஒரே நேரத்தில் 10 பிட் வரை ஏற்றலாம், மின் இரைச்சலாக இருந்தால் ஒன்றிரண்டுதான். எந்தத் தடம் நல்லது என்பது சாக்கெட்டுக்குச் சாக்கெட் மாறும். சீலிங்குக்குள் எதிலும் மாட்டாமல் தொங்கும் பழைய கிளைக்கம்பியில் அலை போய் மோதித் திரும்பி, சில தடங்களை அடித்துவிடும். அதனால் அனுப்பும் பெட்டி ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனிப் பட்டியல் வைத்திருக்கும்.

எல்லா டிவிக்கும் ஒரே தடவையில் அனுப்பும்போதுதான் சிக்கல். ஒவ்வொரு தடத்திலும் அந்தத் தடம் யாருக்கு மோசமோ அவர் படிக்கக்கூடிய அளவுக்குத்தான் ஏற்ற முடியும். மட்டமான டிவியின் வேகமாவது மிஞ்சும் என்று கமிட்டியில் நினைக்கிறார்கள். அதைவிடவும் கீழே போகும். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன்: கூடத்து டிவிக்குக் கீழ்த் தடங்கள் நன்று, அன்னதானத்து டிவிக்கு மேல்தடங்கள் நன்று, தனித்தனியே இரண்டுக்கும் 40 மெகாபிட் கிடைக்கிறது என வையுங்கள். இரண்டுக்கும் பொதுவாக நன்றாயிருக்கும் தடங்கள் 10 மெகாபிட்தான் தருமென்றால், 8 மெகாபிட் படத்தைச் சேர்த்து அனுப்புவது கம்பியின் நேரத்தில் 80 விழுக்காட்டை விழுங்கும். அதே படத்தைத் தனித்தனியாக இரண்டு முறை அனுப்பினால் 40 விழுக்காடு போதும். சேர்த்து அனுப்பினால்தான் சிக்கனம் என்பது இங்கே எடுபடாது. சில பெட்டிகள் தடம் பார்த்து ஏற்றும் வேலையே வேண்டாமென்று, பொது அனுப்பலுக்கு ரோபோ என்ற மெதுவான முறைக்கு இறங்கிவிடும். அதில் 10 மெகாபிட்கூடத் தேறாது. பெட்டியில் 200 என்று போட்டிருந்தும் படம் உடைவது இதனால்தான்.

1000 வகைப் பெட்டி கூடுதலாகப் பிடிப்பது 30 மெகாஹெர்ட்ஸுக்கு மேலுள்ள அலைகளை. அவை நீளக் கம்பியில் சீக்கிரம் தேய்ந்துவிடும், கடைக்கோடி டிவிக்கு அதனால் பெரிய லாபமில்லை.

அந்த மண்டபத்தில் டிபி பாக்ஸை, அதாவது கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டியை, திறந்து பார்த்தேன். மண்டபத்துக்கு வரும் மூன்று பேஸ் (phase) கரண்டில் வாசலும் பெரிய கூடமும் சிவப்பு பேஸ், அன்னதானக் கூடம் நீல பேஸ். பேஸ் மாறினாலே சிக்னல் இளைத்துவிடும். போதாததற்குச் சமையலறையில் கிரைண்டரும் மட்டரக எல்இடி விளக்குகளும். இவை கம்பியில் மின் இரைச்சலைக் கிளப்பும். நம் ஊர்க் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கு இரைச்சல் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். முதல் இரண்டு டிவியை ஒரு குழுவாக்கி, மூன்றாவதுக்குத் தனியாக, கொஞ்சம் தரம் குறைத்த படத்தை அனுப்பும்படி மாற்றினேன். எக்ஸ்டென்ஷனில் இருந்த பெட்டிகளைக் கழற்றி நேராகச் சுவர் சாக்கெட்டில் போட்டேன். அப்புறம் உடையவில்லை. புதுப் பெட்டி எதுவும் வாங்கவில்லை.

அன்னதானக் கூடத்துக்கு மட்டும் ஒரு லேன் கேபிள் இழுத்துவிடலாம் என்று தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். அதற்கான செலவு 1000 வகைப் பெட்டிகள் மூன்றின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

வாங்கப் போகிறவர்கள் கடையில் ஒரு டிவியில் ஓட்டிக் காட்டினால் தலையாட்டிவிட வேண்டாம். மண்டபத்துக்கே வரச் சொல்லி, எல்லா டிவியையும் போட்டு, கிரைண்டரையும் ஓடவிட்டுப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.

வயர்மேன் வாசகர்,
சுங்கை சிப்புட் (வ), பேராக்