மனை வாங்குவதற்கு முன்னால் கொஞ்சம் புகையைப் பற்றி

அன்புள்ள மாப்ளே,

உன் மெயில் வந்தது. நெய்வேலிப் பக்கம் இந்திரா நகரிலோ வடக்குத்திலோ நல்ல மனையாக இருந்தால் பார்த்து வை என்று ரெண்டு பத்தி எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில், "உன் தங்கச்சிக்கு வீசிங் இருக்கு, அங்க காத்து இப்ப எப்படிடா?" என்று கேட்டிருக்கிறாய். மனை விலையை போனில் சொல்கிறேன், ரெண்டு நிமிஷ விஷயம். காற்று அப்படி இல்லை.

நெய்வேலிப் பக்கம் யாரைக் கேட்டாலும் "முன்ன மாதிரி இல்ல சார், கொடியில காயற துணியில கரி ஒட்டுறதே இல்ல" என்பார்கள். உண்மைதான். சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் ஓட ஆரம்பித்த அந்தப் பழைய முதல் அனல்மின் நிலையத்தை 2020-ல் முழுசாக நிறுத்தியாச்சு, நாம் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்த கறுப்புப் புகை இப்போது கிடையாது. ஆனால் துணியில் விழுகிற சாம்பல் பெருந்தூள்டா. அது மூக்கிலும் தொண்டையிலும் சிக்கும், தும்மினால் பாதி வெளியே வந்துவிடும். தங்கச்சிக்கு ஆகாதது கீழே விழாத தூள். ரெண்டரை மைக்ரானும் அதற்குக் கீழும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்); ஒரு தலைமுடியின் குறுக்களவே ஐம்பது, அறுபது மைக்ரான் இருக்கும். இந்த அளவுக்குத் தூள் பொடிசானால் நாள்கணக்கில் காற்றிலேயே மிதக்கும், நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும், அதிலும் பொடிசானது ரத்தத்தில் கலக்கும். ஆஸ்துமாவோடு நிற்காமல் மாரடைப்பு, பக்கவாதம் வரைக்கும் இதற்குப் பங்கு உண்டு. காற்றில் இருக்கும் தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய்ப் பிரிவு 2013-லேயே அறிவித்துவிட்டது.

"நம்ம கரியில சாம்பல் கம்மிதானே" என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும், நாம் எல்லோரும் சொல்லி வளர்ந்ததுதான். வடக்கே வெட்டுகிற கறுப்பு நிலக்கரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து, நாற்பது பங்கு சாம்பல். நம்முடையதில் அதோடு ஒப்பிட்டால் கொஞ்சம்தான். அந்தப் பெருமை சரி, ஆனால் நம் பழுப்பு நிலக்கரியில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே சூட்டில் ஒரு பங்கு போய்விடுகிறது, அதனால் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒரு கிலோ கரி எரிக்கணும். மின்சாரம் எடுக்கிற 210 மெகாவாட் இயந்திரம் ஒன்று (அதையும் யூனிட் என்றுதான் சொல்வோம்) முழு லோடில் ஓடினால் மணிக்கு இருநூறு டன்னுக்கு மேல் தின்னும், இரவு பகல் பார்க்காமல். இரண்டாம் அனல்மின் நிலையத்தில் மட்டும் அப்படி ஏழு யூனிட்.

நான் கொதிகலன் பக்கமே காலம் தள்ளியவன், அதனால் இதைச் சொல்ல வேண்டும். புகை வெளியே போவதற்கு முன்னால் ஈ.எஸ்.பி. என்று ஒரு பெரிய பெட்டி வழியாகப் போகும், உள்ளே வரிசை வரிசையாக இரும்புத் தகடுகள், நடுவில் பல ஆயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் கம்பிகள். தூளுக்கு மின்னேற்றம் கிடைத்துத் தகட்டில் போய் ஒட்டிக்கொள்ளும், சுத்தியல்கள் தகட்டைத் தட்டத் தட்ட சாம்பல் கீழே ஹாப்பர் என்கிற தொட்டியில் விழும். நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். எடைக் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிடித்துவிடும். ஆனால் தப்பிப்பது எது என்று பார்: மைக்ரானுக்குக் கீழே உள்ள தூளைப் பிடிப்பதில்தான் இந்தப் பெட்டி பலவீனம், அந்தத் தூளுக்கு எடையே கிடையாது என்பதால் சதவீதக் கணக்கிலும் அது தெரியாது. தட்டும்போது ஒட்டியிருந்ததில் கொஞ்சம் மறுபடி பறந்து புகையோடு போகும். அப்புறம், நின்று கிடந்த யூனிட்டை எண்ணெய் ஊற்றி லைட்-அப் பண்ணும்போது, அதாவது மறுபடி பற்றவைக்கும்போது, எரியாத எண்ணெய் உள்ளே தீப்பிடிக்கும் என்று பெட்டியின் பெரும்பகுதியை அணைத்தே வைப்பது எங்கேயும் வழக்கம். அந்தச் சில மணி நேரம் புகை எப்படி வரும் என்று நீயே யோசித்துக்கொள்.

இது பாதிக் கதைதான். மீதிப் பாதியை எந்தப் பெட்டியும் பிடிக்காது, ஏனென்றால் அது புகைபோக்கியை விட்டுக் கிளம்பும்போது தூளாகவே இல்லை. கரியில் இருக்கும் கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடாக, வெறும் வாயுவாக மேலே போகிறது. போகிற வழியில் ஈரத்தோடும் அம்மோனியாவோடும் சேர்ந்து சல்பேட் தூளாக மாறுகிறது. வயலில் போடும் யூரியாவிலிருந்தும் மாட்டுச் சாணத்திலிருந்தும் அம்மோனியா எழும்பிக்கொண்டே இருப்பதால் அதற்குப் பஞ்சமே இல்லை. அப்படி மாற சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம், அதற்குள் காற்று அதை எங்கேயோ கொண்டுபோயிருக்கும். (குளிர்விக்கும் கோபுரத்திலிருந்து வெள்ளையாகக் குபுகுபுவென வருவதைப் பார்த்துப் புது ஆட்கள் பயப்படுவார்கள், அது வெறும் நீராவி. பக்கத்தில் ஒல்லியாக நிற்கும் புகைபோக்கி வாயில் ஒன்றுமே தெரியாது, பயப்பட வேண்டியது அதற்கு.)

கந்தகத்தைப் பிடிக்க வழியே இல்லாமல் இல்லை. புகையைச் சுண்ணாம்புக் கல் கரைசலில் கழுவினால் ஜிப்சமாக இறங்கிவிடும். இங்கேயே ரெண்டாவது நிலையத்தின் விரிவாக்கத்தில் 250 மெகாவாட் யூனிட் ரெண்டும் சுண்ணாம்புக் கல்லைக் கரியோடு சேர்த்தே எரித்து அடுப்புக்குள்ளேயே கந்தகத்தைப் பிடிக்கிற வகை. நாட்டுக்கே பொதுவாக 2015 டிசம்பரில் மத்திய அரசு கந்தகத்துக்கு வரம்பு வைத்து விதி போட்டது, ரெண்டு வருஷத்தில் எல்லா அனல்மின் நிலையமும் மாறணும் என்று. அந்தக் கெடு 2022 ஆச்சு, அதுவும் தள்ளிப்போய், கடைசியில் 2025 ஜூலையில், பெருநகரங்களுக்குப் பக்கத்தில் இல்லாத நிலையங்களில் பெரும்பாலானவற்றுக்குப் புகைபோக்கி உயரமாக இருந்தால் போதும், கந்தக வரம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இதில் வயிற்றெரிச்சல்தான். உயரமான புகைபோக்கி பக்கத்துத் தெருவைக் காப்பாற்றும், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் தூள் பிறப்பதே தொலைவில் என்னும்போது உயரத்தைக் கூட்டுவது நம் வீட்டுக் குப்பையைப் பக்கத்து மாவட்டத்து வாசலில் கொட்டுகிற மாதிரிதானே.

சரி, தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். தூளெல்லாம் அனல்மின் நிலையத்திலிருந்தே வருகிறது என்று சொன்னால் அதுவும் பொய். லாரிப் புகை இருக்கிறது, பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஓடு எரிக்கிறார்கள், விறகடுப்பு இருக்கிறது, சுரங்கத்து மேல்மண் தூசி இருக்கிறது. வைகாசியிலிருந்து ஆவணி வரை காற்று மேற்கே, தென்மேற்கே இருந்து அடித்துக் குறிஞ்சிப்பாடி, கடலூர்ப் பக்கம் தள்ளும். ஐப்பசி மழைக்காற்று வந்தால் எதிர்ப்பக்கம் விருத்தாசலத்தை நோக்கிப் போகும். ஆக, நிலையத்துக்கு எந்தத் திசையில் மனை வாங்கினாலும் ஏதோ ஒரு பருவத்தில் உன் பங்கு வரும். மோசமான காலம் மார்கழி, தை. விடியற்காலையில் காற்று அசையாது, குளிர்ந்த காற்று தரையோடு படுத்துக்கொள்ளும், எல்லாப் புகையும் அதற்குள்ளேயே சுற்றும், போகி அன்றைக்குக் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, யாராவது உன்னிடம் 'வரம்புக்குள்ளதான் இருக்கு' என்று சொன்னால் எந்த வரம்பு என்று கேள். அந்த ரெண்டரை மைக்ரான் நுண்தூளின் ஆண்டுச் சராசரிக்கு நம் நாட்டு வரம்பு ஒரு கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 5.

அதனால் இப்போதைக்கு அட்வான்ஸ் எதுவும் கொடுக்காதே. மார்கழி பாதியில் ரெண்டு பேரும் வந்து வடலூரில் ஒரு வாடகை வீட்டில் பொங்கல் முடியும் வரை இருங்கள், வீடு நான் பார்த்து வைக்கிறேன். தங்கச்சி இன்ஹேலர் எத்தனை தடவை எடுக்கிறாள் என்று குறித்துவைத்து இப்போது நீங்கள் இருக்கிற ஊரில் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார், அவளுடைய டாக்டரிடமும் காட்டு. ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கடற்கரைப் பக்கம் தேடலாம், சிதம்பரம் தாண்டியும் எனக்கு ஆள் இருக்கிறார்கள். டிக்கெட் போட்டதும் சொல், விருத்தாசலம் ஜங்ஷனுக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உன்,
பழைய கடைசி பெஞ்ச்