அம்மாவுக்கு வாசித்துக் காட்டு

அன்பின் குண்டூசிக்கு,

இங்கே திருகோணமலையில் எல்லோரும் சுகம். மாமாவின் கண் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. பெரியக்காவின் மூத்தவன் ஒருவழியாகக் கம்பஸுக்குப் போய்விட்டான். மாரி தொடங்கிவிட்டது, உப்புவெளிப் பக்கம் இரவெல்லாம் கடல் இரைகிறது. எவ்வளவு காலம் எழுதாமல் இருந்துவிட்டேன் என்று நீ திட்டுவதை நேரில் வந்து திட்டு. இந்தக் கடிதம் ஊர்க்கதைக்காக இல்லை.

அன்றைக்குப் போனில் உன் பூனைக்குச் சளியும் காய்ச்சலும், அம்மா அரைப் பனடோல் கரைத்துப் பருக்கப் போகிறார் என்று சொன்னாய். நான் கத்தினேன். நீ சிரித்தாய், கன்னியாத் தவளைக் கதையையும் இழுத்தாய். பிறகு கொடுக்கவில்லை என்று மெசேஜ் போட்டாய், அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. ஆனால் நீ வேலைக்குப் போயிருக்கும் ஒரு பகலில் அம்மா இரக்கப்பட்டுக் கொடுத்துவிடுவார். அம்மாவை எனக்குத் தெரியும், எத்தனை நாள் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறேன். போனில் சொன்னால் காற்றோடு போய்விடும், அதனால்தான் கடதாசியில் எழுதுகிறேன். இதை அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டு.

அம்மா, பனடோல் எங்களுக்கு மருந்து, பூனைக்கு நஞ்சு. எங்களுடைய ஈரல் அதிலுள்ள பரசிற்றமோலை வேறொரு பொருளோடு சேர்த்துக் கட்டி, கெடுதல் இல்லாமல் வெளியே அனுப்பிவிடும். அந்த வேலையைச் செய்ய வேண்டிய நொதியம் பூனைக்கு வேலை செய்வதில்லை. அதனால் அந்த மருந்து பூனையின் உடலில் வேறு வழியில் போய் இரத்தத்தைக் கெடுக்கிறது. இரத்தம் ஓடும், ஆனால் அதற்கு ஒட்சிசனைத் தூக்கிச் செல்லும் பலம் இருக்காது. ஒரு குளிசையில் 500 மில்லிகிராம் இருக்கிறது. நாலு கிலோ பூனைக்கு அரைக் குளிசை என்றால் கிலோவுக்கு 60 மில்லிகிராமுக்கும் மேலே. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே பூனைகள் நோயாகியிருக்கின்றன. அரையாவது காலாவது, பூனைக்கு இதில் சரியான அளவு என்று ஒன்று இல்லவே இல்லை.

எங்கள் ஒழுங்கையில் சங்கக்கடை மாமியின் வெள்ளைப் பூனை அப்படித்தான் போனது. நீ கடைசியாக வந்தபோது உன் மடியில் படுத்ததே, அதுதான். மாமி நல்ல மனதோடுதான் கொடுத்தார். கொடுத்த பிறகு அது கொஞ்சம் பாலும் குடித்துவிட்டுப் படுத்ததாம், "சுகமாயிட்டுது" என்று மாமி எனக்குச் சொல்லவும் சொன்னார். பின்னேரம் முகமும் பாதங்களும் வீங்கின. வாயைத் திறந்து பார்த்தால் பல்முரசு சாயத் தேத்தண்ணியின் நிறம். மூச்சு வாங்கியது. மிருக வைத்தியரிடம் கொண்டுபோக நேரம் தப்பிவிட்டது. மாமி இன்றைக்கும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, நானும் கேட்பதில்லை. மாற்று மருந்து உண்டு, குண்டூசி. மனிதர் அளவுக்கு மிஞ்சிப் பனடோல் விழுங்கினால் ஆஸ்பத்திரியில் கொடுக்கும் அதே அசிற்றைல்சிஸ்ரீன்தான். ஆனால் அது வேலை செய்ய வேண்டுமென்றால், வீக்கம் வரும் வரை பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்தக் காத்திருப்புத்தான் என்னை வதைக்கிறது. "இப்ப நல்லாத்தானே இருக்குது" என்று நாங்கள் எல்லோரும் சொல்கிறோம். நஞ்சுகள் பலவற்றுக்கு அந்த நல்லாயிருக்கும் நேரம்தான் வைத்தியம் செய்ய வேண்டிய நேரம். எங்கள் நாய் ஜிம்மியின் கதையைக் கேட்டால் உனக்கே விளங்கும்.

மாரி வந்தால் எலியெல்லாம் வீட்டுக்குள் ஏறும், உனக்குத் தெரியாதா. பின்வளவுக்காரர் கோழிக்கூட்டடியில் எலிமருந்துக் கட்டி வைத்திருக்கிறார்கள். வேலிக்குக் கீழால் போய் ஜிம்மி அதைத் தின்றது ஒருவருக்கும் தெரியாது. தின்ற பிறகும் ஓடியது, குரைத்தது, சோறு தின்றது. இரண்டு மூன்று நாள் போன பிறகுதான் சோர்ந்து படுத்தது, இருமியது, மூக்கால் இரத்தம் வந்தது. முரசு வெளுத்துவிட்டது. வயிற்றுத் தோலில் அடி விழாமலே கண்டல். தம்பி ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனான். வைத்தியர் தொட்டுப் பார்க்க முதலே கேட்ட கேள்வி, பக்கத்தில் யாராவது எலிமருந்து வைத்தார்களா என்பதுதான். தம்பி திரும்பி வந்து வீடு வீடாகக் கேட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினான். பெட்டியின் பின்பக்கம் பொடி எழுத்தில் புரோமடியோலோன் என்று இருந்தது. அந்தப் பொடி எழுத்துத்தான் ஜிம்மியைக் காப்பாற்றியது.

இவ்வகை மருந்து செய்வது இதுதான்: இரத்தம் உறையத் தேவையான பொருட்களை ஈரல் விற்றமின் கே கொண்டுதான் செய்கிறது, அந்த விற்றமினைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த முடியாமல் மருந்து தடுத்துவிடுகிறது. ஏற்கெனவே இரத்தத்தில் இருக்கும் கையிருப்புத் தீரும் வரை நாய் நன்றாகவே இருக்கும். தீர்ந்ததும் எங்கே வேண்டுமானாலும் கசியும். விற்றமின் கே1 தான் மாற்று. ஊசியில் தொடங்கி, பிறகு வாரக்கணக்கில் குளிசை, அதுவும் கொஞ்சம் கொழுப்புள்ள சாப்பாட்டோடு கொடுத்தால்தான் உடம்பில் சேரும். நாங்கள் சூடைமீனோடு கொடுத்தோம், நக்கி நக்கித் தின்றது. கடைசிக் குளிசை முடிந்து 48 மணித்தியாலம் கழித்து இரத்தம் உறைகிறதா என்று ஒருமுறை பார்க்க வேண்டும். நாய் துள்ளி விளையாடுகிறது என்று நடுவில் நிறுத்தினால் எல்லாம் வீண். மாமா இதய வால்வுக்கு எடுக்கும் வாபரினும் இதே குடும்பம்தான், தெரியுமா? 1948இல் எலிமருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது, 1954இல்தான் மனிதருக்கு மருந்தானது. ஆகவே மாமாவின் குளிசைப் பெட்டியும் இப்போது அலுமாரிக்குள்.

எல்லா எலிமருந்தும் ஒன்றல்ல. கறுப்புத் தூளாக வரும் சிங்க் பொஸ்பைட் முற்றிலும் வேறு சாமான். அது வயிற்றுப் புளிப்போடு சேர்ந்து நச்சுவாயு ஆகிறது, பெரும்பாலும் சில மணித்தியாலத்துக்குள் வேலையைக் காட்டிவிடும். மாற்று மருந்தும் இல்லை. அதைத் தின்ற நாய்க்குச் சோறோ பாலோ கொடுத்தால் வயிற்றில் புளிப்பு இன்னும் சுரந்து வாயு கூடும். சத்தி எடுத்தால் அந்த மணத்தைக் கிட்டப்போய் முகர்ந்து பார்க்காதே, அது எங்களுக்கும் கூடாது. பார், ஒரு எலிமருந்துக்கு நாள்கணக்கில் நேரம் இருக்கிறது, மற்றதுக்கு நேரமே இல்லை. பெட்டியை எறியாதே என்று நான் அலறுவது இதற்குத்தான்.

இனிக் குசினிக்கு வா. உன் நாய்க்குட்டிக்கும் பூனைக்கும் மிஞ்சிய கறியும் சோறும்தானே போடுகிறாய்? எங்கள் வீடுகளில் காலங்காலமாக அப்படித்தான், நானும் அப்படிப் பார்த்துத்தான் வளர்ந்தேன். ஆனால் வெங்காயமும் உள்ளியும் அவற்றின் சிவப்பணுக்களை உடைக்கின்றன. வதக்கினாலும் அவித்தாலும் தூளாக்கினாலும் அந்தக் குணம் போகாது. பூனைக்குக் கிலோவுக்கு 5 கிராம் வெங்காயமே இரத்தத்தில் மாற்றம் காட்டப் போதும், நாய்க்கு 15 தொடக்கம் 30 கிராம். இதுவும் சில நாள் கழித்துத்தான் சோர்வாக, வெளிறலாக, கடும் நிறச் சிறுநீராகத் தெரியும். அம்மா மீன் வெட்டும்போது அவற்றின் பங்கை முதலே எடுத்து, வெறும் தண்ணீரில் அவித்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து வைக்கச் சொல். ஐந்து நிமிட வேலை.

பழப்புளிக் கதை கேட்டால் அம்மா நம்பமாட்டார். முந்திரிகைப்பழமும் (திராட்சைதான்) அதன் வற்றலும் நாய்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன என்பது முன்பே தெரியும், என்ன காரணம் என்றுதான் நெடுநாள் பிடிபடவில்லை. அமெரிக்காவில் ஒரு நாய், பிள்ளைகள் விளையாட வீட்டில் பிசைந்த மாவைத் தின்று அதே மாதிரி நோயானது. அந்த மாவில் கிறீம் ஒஃப் டாட்டர் போட்டிருந்தார்கள், அது டாட்டாரிக் அமிலத்தின் உப்பு. அங்கேயுள்ள விலங்கு நஞ்சுக் கட்டுப்பாட்டு மருத்துவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு, காரணம் டாட்டாரிக் அமிலமாக இருக்கும் என்று 2021இல் எழுதினார்கள். அடுத்த வருடம் வந்த கட்டுரையில் பழப்புளி தின்று சிறுநீரகம் கெட்ட நாய்களும் சேர்ந்துவிட்டன. எங்கள் பழப்புளியில் அந்த அமிலம் நிறையவே இருக்கிறது. எல்லா நாயையும் ஒரேமாதிரித் தாக்காது, அதனால்தான் "எங்கட நாய் எத்தனை தரம் தின்றது, ஒண்டும் ஆகேல்லை" என்று சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நீ சுளகில் புளி காயப்போட்டால் குட்டி எட்டாத உயரத்தில் போடு. தின்றுவிட்டால், முதல் நாள் சத்தியோடு நின்றுவிட்டது என்று விட்டுவிடாதே. சிறுநீரகம் கெடுவது அதற்குப் பிறகுதான் தெரியவரும்.

கனடாத் தம்பி பொங்கலுக்கு வரும்போது கொண்டுவரும் கறுத்தச் சொக்கலேற்றையும் கவனி. கறுப்பு எவ்வளவு கூடுகிறதோ, நாயின் இதயத்துக்கு அவ்வளவு ஆபத்து. சீனி இல்லாத சுவிங்கம் அதைவிட மோசம், சைலிற்றோல் என்று பெட்டியில் போட்டிருந்தால் வீட்டுக்குள்ளேயே எடுக்காதே. அரை மணித்தியாலத்திலேயே நாயின் இரத்தத்துச் சீனி விழுந்துவிடலாம்.

உன்னிடம் நாயும் பூனையும் ஒன்றாக இருப்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்: நாய்க்கு உண்ணிக்கும் தெள்ளுக்கும் வாங்கும் மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் அது பூனைக்கு ஆகாது. பூனைக்கு உடம்பு முழுக்க நடுக்கம் எடுத்து வலிப்பு வரும். நாய்க்குப் பூசி அது காயும் வரையாவது இரண்டையும் ஒன்றாகப் படுக்க விடாதே. வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து நாயைக் குளிப்பாட்டுகிற வேலையை யாராவது சொல்லித் தந்தால், அவர்களை வாசலோடு அனுப்பிவிடு. தண்ணீரில் விட்டதும் வெள்ளையாகக் கலங்கும் நிலம் துடைக்கிற திரவங்களும் பூனைக்குக் கூடாது. ஈரத்தில் நடந்துவிட்டுக் காலை நக்கும், அவ்வளவுதான். அலுமாரிக்குள் போடும் அந்துருண்டையும் அப்படியே. வளவில் மஞ்சள் அலரி நிற்கிறதா? விதைகளைக் கூட்டி அள்ளு, அதன் நஞ்சு இதயத்தை நிறுத்தும். கிண்டித் திரிகிற குட்டி என்றால் கார்த்திகைப்பூக் கிழங்கு இருக்கும் இடத்துக்கும் ஒரு அடைப்பு வை.

ஏதாவது நடந்துவிட்டால் அம்மா முதலில் உப்புத் தண்ணீர் பருக்கத்தான் ஓடுவார். வேண்டாம் அம்மா. உப்பே தனியாக ஒரு நஞ்சாகிவிடும். சவர்க்காரத் தண்ணீரும் வேண்டாம், தொண்டைக்குள் விரலும் வேண்டாம். மண்ணெண்ணெயோ புளீச்சோ குடித்திருந்தால் சத்தி எடுக்க வைப்பது முதல் தரம் சுட்டதை இரண்டாம் தரமும் சுடும், மண்ணெண்ணெய் என்றால் சுவாசப்பைக்குள் போய்விடும். பால் எதையும் முறிக்காது. உடம்பில் நஞ்சு ஏதாவது ஊற்றுப்பட்டிருந்தால் பாத்திரம் கழுவும் திரவமும் இளஞ்சூட்டுத் தண்ணீரும் போட்டுக் கழுவி, நக்க விடாமல் துவாயில் சுற்று. என்ன தின்றது, எவ்வளவு, எத்தனை மணிக்கு, பிராணி எத்தனை கிலோ என்பதை வைத்தியருக்குப் போனில் சொல். சத்தி எடுக்க வைப்பதா இல்லையா என்று அவர்தான் சொல்ல வேண்டும். பெட்டியோடு வெளிக்கிடு. உங்கள் கல்லடியில் இரவில் யாரைக் கூப்பிடலாம் என்று இப்போதே, பகலிலேயே விசாரித்து நம்பரைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டு. இதை நீ செய்தாயா என்று அடுத்த போனில் கேட்பேன், "நாளைக்கு" என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

இங்கே பஸ் நிலையத்தடி மான்கள் பொலித்தீன் தின்பதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் அடுத்தவரைத் திட்டுகிறோம். அந்தக் குப்பைக்கு என்னால் தனியாக ஒன்றும் செய்ய முடிவதில்லை, அது மனதை அரிக்கிறது. ஆனால் குசினிக் கதவும் குளிசை லாச்சியும் எங்கள் கையில்தானே இருக்கின்றன.

உன் அவர் மாரிக்கென்று எலிமருந்து வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னாயே, அந்தப் பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை அப்படியே எனக்கு எழுதி அனுப்பு. கண் தெரியாவிட்டால் மகளை வாசிக்கச் சொல். பூனையின் சளி எப்படி, வைத்தியர் என்ன சொன்னார் என்பதையும் அதோடு எழுது.

அன்புடன்,
உன் தவளைக்காரி