லோரி போனாலும் ஜன்னல் ஆடுமே!

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு மாணவர் பக்கத்தில், விண்வெளியையே லேசாக நீட்டிச் சுருக்கிச் செல்லும் ஈர்ப்பு அலைகள் பற்றி வந்த கட்டுரையைப் பேத்திக்கு வாசித்துக் காட்டினேன். 1916இல் ஐன்ஸ்டைன் கணித்தது, 2015இல் அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் கண்டுபிடித்தது, 2017இல் மூவருக்கு நோபல் பரிசு, எல்லாம் சரியாகவே இருந்தது. முடித்ததும் அவள் கேட்டாள்: “தாத்தா, செம்பனைக் குலை ஏத்துன லோரி போனாலே நம்ம வீட்டு ஜன்னல் ஆடுது. அங்க ஆடுனது லோரியால இல்லைன்னு எப்படித் தெரிஞ்சுது?”

கட்டுரையில் அதற்குப் பதில் இல்லை. அப்புறம் நானே தேடிப் படித்தேன்.

அவள் சந்தேகம் நியாயமானதுதான். லைகோவின் இரண்டு கருவிகளில் ஒன்று லூசியானா மாநிலத்தின் லிவிங்ஸ்டனில், மரம் வெட்டும் பைன் காட்டுக்கு நடுவே இருக்கிறது. பக்கத்தில் மரம் சாய்ந்தாலும் ரயில் போனாலும் அதற்குத் தெரிந்துவிடும். 4 கிலோமீட்டர் நீளக் குழாய்கள் இரண்டில் லேசர் ஒளியை ஓடவிட்டு, அணுவுக்குள் இருக்கும் புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நீளம் மாறுகிறதா என்று பார்க்கிறார்களே, தெரியாமல் இருக்குமா? அதனால்தான் 3,000 கிலோமீட்டர் தள்ளி, வாஷிங்டன் மாநிலத்தின் ஹேன்ஃபர்டில் இன்னொரு கருவி. லிவிங்ஸ்டன் ரயில் ஹேன்ஃபர்டை ஆட்டாது. 2015 செப்டம்பர் 14 அன்று இரண்டிலும் ஒரே வடிவ அதிர்வு, சுமார் 0.007 வினாடி இடைவெளியில் பதிவானது. 130 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இரண்டு கருந்துளைகள் மோதிய அலை அது.

என்னை உலுக்கியது அதற்கு முன் நடந்தது. 2010இல் குழுவைச் சேர்ந்த சிலர் மட்டும் அறிய, ஒரு பொய் அலையைக் கருவிகளுக்குள் செலுத்தினார்கள். அப்படியொரு சோதனை வரலாம் என்று மற்றவர்களுக்குத் தெரியும். எப்போது என்று தெரியாது. மாதக்கணக்கில் ஆராய்ந்து ஆய்வுக்கட்டுரையே எழுதிவிட்டார்கள். 2011 மார்ச்சில், அது பொய்யா நிஜமா என்ற பதிலை வைத்து மூடியிருந்த உறையைப் பிரித்தபோதுதான் உண்மை வெளிவந்தது. நிஜ அலை வந்த பிறகும் 5 மாதம் சரிபார்த்து, 2016 பிப்ரவரியில்தான் வாய் திறந்தார்கள்.

இதைச் சொன்னபோது பேத்தி நோபல் பரிசு பற்றிக் கேட்கவே இல்லை. உறையைப் பிரித்ததும் அவர்கள் அழுதிருப்பார்களா என்று கேட்டாள்.

ஐயா, பெயரும் ஆண்டும் பிள்ளைகள் தேர்வுக்கு எப்படியும் மனப்பாடம் செய்துகொள்வார்கள். மாணவர் பக்கத்தில் இனி எந்தக் கண்டுபிடிப்பைப் போட்டாலும், அது உண்மை என்று எப்படி உறுதி செய்தார்கள் என்பதற்கும் இடம் ஒதுக்குங்கள். முதலில் அந்த உறைக் கதையைப் போடுங்கள்.

அன்புடன்,
தோட்டத்து வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்