ரேடியஸ் 5, வாழ்க!

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மங்கலாக வந்த படத்துக்கு, கூர்மையாக்கும் கருவியான அன்ஷார்ப் மாஸ்க்கில் அமவுண்ட் (வீரியம்) 300, ரேடியஸ் 5 வைத்தால் பளிச்சென்று ஆகிவிடும் என்று சென்ற இதழின் புகைப்படப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆகும்தான். தலையைச் சுற்றி ஒளிவட்டமும் வரும். சாமி படமென்றால் பொருத்தமாகவே இருக்கும்.

ஷார்ப்பன், அதாவது இந்தக் கூர்மையாக்கல், படத்தில் இல்லாத விவரத்தை வரவழைப்பதில்லை. விளிம்பின் இருண்ட பக்கத்தை மேலும் இருட்டாக்கி, வெளிச்சப் பக்கத்தை மேலும் வெளுப்பாக்குகிறது. கண் அதைத் துல்லியம் என்று நம்பிவிடுகிறது. ஃபிலிம் காலத்தில் நெகட்டிவோடு மங்கலான பாசிட்டிவ் ஒன்றைச் சேர்த்துவைத்துப் பிரிண்ட் போட்ட அதே வித்தை. பெயரில் 'அன்ஷார்ப்' நுழைந்ததும் அந்த மங்கலால்தான். தங்களுக்குத் தெரியாததா! ஃபோகஸ் தப்பிய படத்தை எந்த எண்ணும் காப்பாற்றாது.

ரேடியஸ் என்பது அந்த வெளுப்புக் கோட்டின் அகலம். திரைக்காகச் சுருக்கிய படத்துக்கு 0.3 முதல் 0.5, 300 பிபிஐ (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அச்சுக்கு 1 முதல் 1.5 போதும். எவ்வளவு வேறுபாடு இருந்தால் விளிம்பாகக் கொள்வது என்று சொல்லும் த்ரெஷோல்டைப் பற்றி உங்கள் கட்டுரையில் பேச்சே இல்லை. அதை 0-இல் விட்டால் வானத்து நாய்ஸும் (பொடிப் புள்ளிகளும்) கன்னத்துக் குழிகளும் சேர்ந்தே கூர்மையாகும். முகத்துக்கு 4 அல்லது 5 வைக்க வேண்டும். லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருள்காரர்கள் ஆல்ட் கீயை அழுத்தியபடி மாஸ்கிங் ஸ்லைடரை இழுத்துப் பார்க்கட்டும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில்தான் ஷார்ப்பன் விழும். நாய்ஸ் நீக்கம் முதலில், அளவு மாற்றம் பிறகு, ஷார்ப்பன் கடைசியில், அதுவும் திரையில் படத்தை 100 சதவீத அளவில் வைத்துப் பார்த்து. நீங்கள் தலைகீழாகச் சொல்லியிருக்கிறீர்கள்.

சொல்ல வந்தபோது இதையும் சொல்லிவிடுகிறேன். நியூஸ்பிரிண்டில் மை பரவும். அதனால் திரையில் சற்று மிகையாகத் தெரியும் ஷார்ப்பன் உள்பக்கங்களுக்குத் தேவைதான். வழவழப்பான அட்டைக்கும் அதே அளவா? கோயில் சிறப்பிதழின் கோபுரத்தைச் சுற்றி வெள்ளைப் பென்சிலால் கோடு இழுத்தது போலிருந்தது. அப்போதே எழுதினேன். ராசிபலனுக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டிருக்கும், என் கடிதத்துக்கு இடமில்லை.

வாசகர் படங்களை வாட்ஸ்அப்பில் கேட்கிறீர்கள். அது படத்தைச் சுருக்கி அமுக்குகிறது. அப்படி வரும் ஜேபெக் வகைப் படம் 8-க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து அமுக்கப்படுவது. அதன்மேல் ஷார்ப்பன் போட்டால் கட்டங்கள் எழுந்து நிற்கும். பிறகு 'தரமில்லை' என்று நிராகரிப்பது படம் எடுத்தவரை. எங்கே போய் முட்டிக்கொள்வது?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. படம் அனுப்ப ஒரு மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். அடுத்த இதழில் ரேடியஸ் 0.5 என்று திருத்தம் போடுங்கள். அந்த அளவில் அமவுண்ட் 300-ஐக்கூடச் சில படங்கள் தாங்கும். புள்ளி ஒன்று அச்சில் விடுபட்டது என்றே போட்டுக்கொள்ளுங்கள், நான் மறுக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்